பத்தடி தூரத்திலிருந்து உன் பித்தப்பை

மதிப்பிற்கும் அதைவிட அதிகமாகப் பயத்திற்கும் உரிய அக்காவுக்கு, உன் ஒரே தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் என் முதுகுவலியும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் உன் பித்தப்பையில் குடியேறியிருக்கும் ஏழு கற்களும் சௌக்கியமா? கற்களின் சௌக்கியத்தை மட்டும் வியாழக்கிழமையோடு முடித்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

"உன் கையால செஞ்சாத்தான் ஆபரேஷன் மேசையில படுப்பேன், இல்லன்னா இந்தக் கல்லோடயே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். மூன்று முறை வலி வந்து சுருண்டாயிற்று; நாலாவது முறை சீழ் பிடித்தால் விளையாட்டாக இருக்காது. அதனால் கோபப்படாமல் கேள். எங்கள் மருத்துவமனையில் இப்போது பித்தப்பையை ரோபோவை வைத்துத்தான் எடுக்கிறோம். நாலு சின்னத் துளை, மறுநாளே வீட்டுக்குப் போய் அத்தானை விரட்டலாம். ஆனால் அந்த ரோபோவை ஓட்ட எனக்கு வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெயிலாகிவிட்டேன்.

முப்பது வருஷம் வயிறு திறந்தவனை ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து உட்காரவைத்து, உள்ளே தெரியும் ரப்பர் வளையங்களை எடுத்துக் குச்சியில் மாட்டச் சொன்னார்கள், இயந்திரமே மதிப்பெண்ணும் போட்டது, நூற்றுக்கு இருபத்தொன்பது, நீ எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வருஷம்கூட முப்பத்தைந்து வாங்கினேன். கையில் ஒன்றும் உறைக்காது, தையல் போடும்போது நூல் இறுகுவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்; பழக்கதோஷத்தில் நான் இழுத்த இழுப்பில் ஒன்பது நூல் அறுந்தது. காலுக்கடியில் வரிசையாக மிதிகள். காமிராவை நகர்த்தப் போய்ச் சூடு வைக்கும் மிதியை மிதித்து, பாவம், ஒரு பொம்மை ஈரலைக் கருக்கிவிட்டேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். பெட்டியிலிருந்து முகத்தை எடுத்தால் ரோபோவின் கைகள் அப்படியே நின்றுவிடும். பாதுகாப்புக்காம். எனக்கோ, திரும்பி யாரையாவது திட்டாமல் ஒரு தையல் போட்டுப் பழக்கமில்லை. யாரோ இருமினார்கள், தலையை எடுத்தேன். யாரும் இருமவில்லை, ஏன் இவ்வளவு அமைதி என்று தலையை எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு முறை. பயிற்சி கொடுப்பவள் யார் தெரியுமா? ஆறு வருஷம் என்னிடம் திட்டு வாங்கிய அதே உதவி டாக்டர்தான். நிதானமாகத் தைப்பாள் என்று நான்தான் அவளுக்கு ஆமை என்று பேர் வைத்தேன். "சார், திட்டணும்னா உள்ள பாத்துக்கிட்டே திட்டுங்க. மைக் இருக்கு" என்றாள். உள்ளே பார்த்துக்கொண்டு திட்டினால், அக்கா, திட்டே வரமாட்டேன் என்கிறது.

ஆகவே ஆமையே செய்யட்டும். இருநூறு பித்தப்பைக்கு மேல் எடுத்திருக்கிறாள், ஒருவரும் குறை சொன்னதில்லை. நானே செய்தாலும் உன் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. ரோபோவை ஓட்டுகிறவர் பத்தடி தள்ளி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். நோயாளியை ஒட்டி நின்று கருவிகளை மாற்றுவது உதவியாளர் வேலை. எனவே பெயிலான தம்பியை மன்னித்து, சரியென்று ஒரு வார்த்தை சொல்.

வியாழக்கிழமை வெறும் வயிற்றோடு வா. வெறும் வயிறு உனக்கு மட்டும்தான், அத்தானையும் பட்டினி போட்டுக் கூட்டிவந்துவிடாதே. அவருக்கு என் வணக்கம். உனக்குக் கோபம் தீர்ந்த பிறகு மிச்சமிருக்கும் ஆசியை வேண்டும்,

தம்பி.

பி.கு.: மருத்துவ விவரம் சரியா என்று ஆமையிடம் இதைக் காட்டினேன். "பொய் சொல்லிச் சம்மதம் வாங்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டாள். அதனால் உண்மை. நான் பெயிலானதெல்லாம் பயிற்சியின் முதல் வாரத்துக் கதை. கடைசித் தேர்வில் தொண்ணூற்றாறு. சான்றிதழ் வந்து நாலு மாதமாகிறது, பதினெட்டுப் பித்தப்பை எடுத்தாயிற்று, ஒன்றில்கூடத் தலையை எடுக்கவில்லை. நேற்று ஒத்திகைக்காக அந்தப் பெட்டிக்குள் உன் ஸ்கேனைப் போட்டார்கள். ஓரத்தில் உன் பெயர் இருந்தது. தலையை எடுத்துவிட்டேன், திரும்ப வைக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது அக்கா. நீ படுத்திருக்கும்போது பத்தடி தள்ளி உட்கார என்னால் ஆகாது. ஆமை ஓட்டட்டும். வியாழக்கிழமைப் பட்டியலில் உதவியாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன். என் கையால்தான் என்றாயே, முடிகிற வரைக்கும் என் கை உன் மேலேயேதான் இருக்கும்.