கொன்வேற்றரும் மச்சானின் மீசையும்

கோட்-டெ-நெய்ஜ்,
மொன்றியல்.
ஜூன் 17, புதன்கிழமை.

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் அருமைராசா அவர்களுக்கு,

அத்தான் உருத்திரமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கு எனக்கு இடது முழங்காலைத் தவிர மற்றெல்லாம் சுகம். உமது அக்கா தவமலர் ஒரு கிழமையாக லவாலில் மகள் வித்தியா வீட்டில் நின்று, நாங்கள் குடிபோகப் போகும் நிலக்கீழ் அறைகளுக்குத் திரைச்சீலை தைக்கிறா. அவவும் சுகம். அங்கு ஸ்காபரோவில் உமது சுகத்தையும், மனைவி மக்கள் சுகத்தையும், முக்கியமாக உமது மீசையின் சுகத்தையும் அறிய ஆவலாயிருக்கிறேன்.

மீசையை ஏன் விசாரிக்கிறேன் என்று உமக்குத் தெரியும். தெரியாதவர் போல இருக்கவும் உமக்கு நன்றாகத் தெரியும். நேற்றுப் பின்னேரம் தொடக்கம் ஏழு தரம் போன் எடுத்துவிட்டேன். வட்ஸப்பில் படமும் அனுப்பினேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது, பதில் விழவில்லை. ஆகவேதான் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். கையெழுத்து வைத்துத்தான் நீர் இதை வாங்க வேண்டும், அந்தக் கையெழுத்து எனக்கு ஆதாரம். இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றும் என் கோப்பில் இருக்கிறது.

முதலில் பந்தயத்தை ஞாபகப்படுத்துகிறேன். போன மாதம் நீர் இங்கே வந்து நின்றபோது, எங்கள் கட்டடத்தின் அடியில் இருக்கும் லொக்கர் அறைக்குப் பெட்டி இறக்க வந்தீர். அங்கே நான் முப்பத்திரண்டு வருசமாகச் சேர்த்து வைத்திருக்கும் கார்ச் சாமான்களைக் கண்டு சிரித்தீர். பழைய பிறேக் கட்டைகள், தண்ணிப் பம்ப், இரண்டு சயிலன்சர், நான்கு காருடைய வைப்பர்த் தடிகள், எல்லாம் திகதி போட்டு அடுக்கியிருந்தது உமக்குப் பகிடியாகப் போய்விட்டது. வீடு மாறுவது ஜூலை முதலாம் திகதி. கறள் பிடித்த ஒரு சாமானும் லவால் வாசற்படி ஏறக்கூடாது என்று உமது அக்கா ஏற்கெனவே சட்டம் போட்டிருந்தா. அந்த நேரம் பார்த்து நீர் எரியிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினீர். என் மகளுக்கும் மருமகனுக்கும் முன்னால் நீர் சொன்ன வசனம் இது, அன்றைக்கே எழுதி வைத்தேன்:

"அத்தான், இந்தக் குப்பையிலை ஒரு சாமானை ஆரேன் காசு குடுத்து வாங்கினால், நான் மீசையை எடுக்கிறன்."

உமது அக்காவும் ஒப்புக்கொண்டா. ஒன்றை விற்றுக் காட்டினால் மிச்சம் எல்லாம் லவாலுக்கு வரலாம். விற்காவிட்டால் முதலாம் திகதி காலமை அவ்வளவும் குப்பை லொறிக்கு. உமக்கு இது விளையாட்டு, மச்சான். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

கராஜில் பழைய சாமானைத் திருப்பிக் கேட்பது ஏன் என்று நீர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் ஊரில் மோட்டார்சைக்கிள் வைத்திருந்த காலத்தில், ஒரு மெக்கானிக் என்னுடைய பழைய பிளக்கைப் பெற்றோலில் கழுவி அதையே திருப்பிப் பூட்டிவிட்டு, புதிதுக்குக் காசு வாங்கினான். அன்றிலிருந்து இன்றுவரை பழையதைக் கையில் தராதவனுக்கு நான் காசு கொடுத்ததில்லை. வாங்கின பிறகு எறிய மனம் வருவதில்லை, அது வேறு வியாதி. கனடாவுக்கு வந்து புவாண்ட்-கிளேர் கிடங்கில் இருபத்தாறு வருசம் சாமான் அடுக்கினவனுக்கு எறியிற பழக்கம் எங்கேயிருந்து வரும்?

சரி, விசயத்துக்கு வாறன். இரண்டு கிழமைக்கு முதல் எங்கள் தெருவில் நின்ற ஒரு காருக்கு அடியில் கள்ளர் படுத்து, கொன்வேற்றரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது புகைக்குழாயில் வயிறு வைத்த தகரப்பேணி மாதிரி இருக்கும், புகையைச் சுத்தப்படுத்துகிற சாமான். பிளாற்றினம் அது இது என்று தங்கத்தை விட விலையான தூள் அதற்குள் பூசியிருக்கிறதாம். கேட்ட உடனே எனக்கு மூளைக்குள் லைற் எரிந்தது. நாலு வருசத்துக்கு முதல் என்னுடைய கொறோலாவுக்கு வலன்ரைனின் கராஜில் அதைத்தானே மாற்றினேன், பழையதைக் கேட்டு வாங்கினேன் தானே! ஓடிப்போய் லொக்கரைத் திறந்தேன். சயிலன்சருக்குப் பின்னால் இருந்தது, என்ரை ராசா. ஒரு பக்கக் குழாய்க்குள் பச்சைத் துணி இறுக்கி அடைத்திருந்தது. உள்ளேயிருக்கும் தூள் கொட்டுப்படாமல் வலன்ரைன் அடைத்துத் தந்திருக்கிறான், தொழில் தெரிந்த பிள்ளை என்று மனதுக்குள் மெச்சினேன். கள்ளனுக்குத் தெரிந்த பெறுமதி என் மச்சானுக்குத் தெரியவில்லையே என்று கொஞ்சம் கவலையும் பட்டேன்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை அதை விற்கப் புறப்பட்டேன். கொறோலாவைத்தான் போன வருசமே கொடுத்துவிட்டேனே, ஆனபடியால் பஸ். அறுபத்தைந்து தாண்டினவர்களுக்கு இந்த மொன்றியல் தீவுக்குள் பஸ் சும்மா, காசில்லை, அதனால் தீவுக்கு வெளியே லவாலில் உள்ள கடையை விட்டுவிட்டு லஷீன் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையைப் பிடித்தேன். சாமானைத் தூக்கிக்கொண்டு போனால் கள்ளன் என்பார்கள் என்று பயந்து ரைஸ்குக்கர் பெட்டிக்குள் வைத்துக் கட்டினேன். அந்தப் பெட்டியையும் உமது அக்கா எறியச் சொன்னவ என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

பஸ்ஸில் எங்கடை ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தார். பெட்டியைப் பார்த்தார். எங்கே வாங்கினது, என்ன விலை, எத்தனை பேருக்குக் காணும் என்று மூன்று கேள்வி ஒரே மூச்சில் கேட்டார். நான் தடுமாறிப்போய், இது பழசு, விற்கப் போறன் என்று சொல்லிவிட்டேன். மனிசனுக்கு முகம் மாறிவிட்டது. பேந்து மெல்ல என் பக்கம் சாய்ந்து, "அண்ணை, பிள்ளையள் பாக்கிறேல்லையோ?" என்று கேட்டார். நான் விளங்கப்படுத்த முதல் அவருடைய தரிப்பு வந்துவிட்டது. பத்து டொலர் தாளை என் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு இறங்கி நடந்தார். திருப்பிக் கொடுக்க ஆளைத் தெரியாது, நாளைக்குக் கோயில் உண்டியலில் போடுவேன். ஆனால் ஒன்று, மச்சான், சோறு காய்ச்சுகிற சட்டியை ஒருவன் விற்கப் போகிறான் என்று கேட்டால் இன்னொருவனுக்கு நெஞ்சு பொறுக்காத சனம் நாங்கள். நினைக்க நினைக்க எனக்குக் கண் கலங்கினது.

இரும்புக் கடையின் முதலாளி ஒரு பிரெஞ்சுக்காரி, அக்னெஸ் என்று பெயர், வயது அறுபது இருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தா. நான் பொன்ஜூர் சொல்லிப் பெட்டியை வைத்தேன். அவ ரைஸ்குக்கர் பெட்டிக்குள் இருந்து கொன்வேற்றர் வெளியே வருவதைப் பார்த்தா, பேந்து என்னைப் பார்த்தா. இந்தக் கிழமை இது என்னுடைய சொந்தக் காருடையது என்று சொல்லி வந்த மூன்றாவது ஆள் நீ, பில் எங்கே என்று கேட்டா. எனக்குச் சந்தோசத்தைப் பாரும்! என்னிடம் பில் கேட்டவர் கெட்டதாகச் சரித்திரம் உண்டோ? கையோடு கொண்டுபோன பில் கோப்பைத் திறந்து, நாலு வருசத்துக்கு முந்தின பக்கத்தை எடுத்து, பிளாஸ்ரிக் உறையோடு அவவின் கையில் கொடுத்தேன்.

அது வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. மெசினில் அடித்த பில் அல்லவா, மை முழுக்கப் பறந்துவிட்டது. பின்பக்கத்தில் நான் பேனையால் விபரம் எழுதியிருந்தேன், ஆனால் தமிழில். அக்னெஸ் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தா. பிறகு போனில் கை வைத்தா. முப்பத்திரண்டு வருசத்தில் ஒரு பார்க்கிங் தண்டம்கூட வாங்காதவன், வயது போன காலத்தில் கொன்வேற்றர் கள்ளன் என்று பெயர் எடுக்கப் போகிறேனே, உமது அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று வெட்கமாய்ப் போய்விட்டது. பொலிசுக்குப் போன் அடிக்க முதல் கராஜ்காரனுக்கு ஒருக்கால் அடியுங்கோ என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கும்பிட்டுக் கேட்டேன்.

வலன்ரைன் எடுத்தான். அக்னெஸ் போனை எல்லாருக்கும் கேட்கப் போட்டா. என் பெயரைச் சொன்னதும் அவன் பெரிதாகச் சிரித்து, அந்த ஐயாவைத் தெரியாதோ, ஒயில் மாற்றினால் பழைய ஒயிலையும் போத்தலில் விட்டுத் தரச்சொல்லிக் கேட்கிறவர், அவரிடம் இருந்து நாங்கள் வேண்டுமானால் களவெடுக்கலாம், அவர் ஒருத்தரிடமும் எடுக்கமாட்டார் என்று பிரெஞ்சில் சாட்சி சொன்னான். கொம்பியூட்டரில் இருந்து பில்லின் பிரதியையும் அனுப்பிவிட்டான். கடையில் நின்ற வேலைக்காரர் எல்லாம் வந்து என் கோப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். உனக்கு இங்கே கணக்கெழுதுகிற வேலை வேண்டுமா என்று அக்னெஸ் கேட்டா. பகிடியோ மெய்யோ தெரியாது, யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிறகு திறந்த பக்கத்துக் குழாய்க்குள் லைற் அடித்துப் பார்த்தா. தேன்வதை மாதிரி உள்ளே எல்லாம் பழுதில்லாமல் இருந்தது. மற்றப் பக்கத்துத் துணியை இழுக்கப் போனா. நான் பதறிப்போய்த் தடுத்து, தூள் கொட்டுப்பட்டுவிடும், வெட்டும்போது எடுங்கோ என்றேன். என் கெட்டித்தனத்தைப் பார்த்து அவ தலையாட்டினா. வெள்ளிக்கிழமைதான் வெட்டுவார்களாம். என் பெயர் எழுதின துண்டொன்றைக் கட்டித் தட்டில் வைத்தா. இதற்குள் இருப்பது தங்கத்தை விட விலை என்று அவ சொல்ல, நான் சிரித்து, எங்கடை பெண்டுகளிட்டை இதைச் சொன்னால் நம்பாயினம் என்றேன்.

நூற்றி முப்பத்தைந்து டொலர், மச்சான். காசோலையின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

ஆகவே பந்தயப்படி, இந்தக் கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள் நீர் மீசையை முழுதாக எடுத்து, முன்பக்கம், இடம், வலம் என்று மூன்று படம் அனுப்பவும். ஓரத்தை மட்டும் கத்தரித்து ஏமாற்றவேண்டாம். என்னுடைய சாமான்கள் முதலாம் திகதி மரியாதையோடு லவாலுக்குப் போகும். இது தவிர உம்மிடம் எனக்கு வேறொன்றும் தேவையில்லை. இந்தக் கட்டை வேகும்வரை உம்மிடம் ஓர் உதவி கேட்டு நான் வரமாட்டேன் என்பதையும் மன நிறைவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

உமது மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. நல்லூரான் உமது குடும்பத்துக்கு நீண்ட ஆயுளையும், உமக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனத்தையும் தருவானாக.

இங்ஙனம்,
அன்பு அத்தான்,
க. உருத்திரமூர்த்தி

பி.கு: வெள்ளிக்கிழமை, மத்தியானம். கடிதம் இன்னும் தபாலில் போடேல்லை, நல்லகாலம்.

நேற்றுப் பின்னேரம், இரும்புக் கடை பூட்டின பிறகுதான், உமது அக்கா லவாலிலை இருந்து வந்தவ. நான் பெருமையாய்க் காசோலையைக் காட்டினன். அவ சிரிப்பா எண்டு பாத்தால் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டா. "அதுக்குள்ளை அடைச்சிருந்த பச்சைத் துணி எங்கை?" எண்டா. அதோடைதான் குடுத்தனான் எண்டன். "ஐயோ, அது என்ரை சட்டைத் துணியப்பா. அதுக்குள்ளை தம்பி தந்த பதக்கச் சங்கிலி."

ஓம் மச்சான். அக்காவின்ரை அறுபதாவது பிறந்தநாளுக்கு நீர் போட்ட அதே சங்கிலிதான். மாரிக்கை எங்கடை கட்டடத்திலை ரெண்டு வீடு உடைச்சவங்கள் எல்லே. தமிழாக்கள் அரிசி வாளிக்குள்ளையும் சாமிப்படத்துக்குப் பின்னாலையும்தான் நகை வைப்பினம் எண்டு இப்ப கள்ளருக்கும் தெரியுமாம். அதாலை, இந்த மனிசன்ரை கறளை ஒரு கள்ளனும் தொடமாட்டான் எண்டு யோசிச்சு லொக்கருக்குள்ளை ஒளிச்சிருக்கிறா. எனக்குச் சொன்னால் கோப்பிலை எழுதிப்போடுவனாம்.

ராத்திரி முழுக்க ரெண்டு பேரும் முழிச்சிருந்தம். விடியக் கடை திறக்க முதலே அக்னெஸ் போன் எடுத்திட்டா. வெட்டப்போன பெடியன் துணியை இழுக்கச் சங்கிலி வந்ததாம், பத்திரமாய் இரும்புப் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறாவாம். நல்ல மனிசி, நூறு வருசம் இருக்க வேணும். ஆனால் பாரும், அதுக்கும் பில் கேக்கிறா. நீர்தான் பில்லைக் கடை வாசலிலேயே கசக்கி எறியிற ஆள். எங்களிட்டை இருக்கிறது ஒரேயொரு படம், நீர் அக்காவின்ரை கழுத்திலை சங்கிலி போடேக்கை எடுத்தது. அதை அனுப்பினன். அப்ப, படத்திலை நிக்கிறவர் அடையாள அட்டையோடை நேரிலை வந்து, இது நான் குடுத்ததுதான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும், தாறன் எண்டிட்டா.

இன்னொரு விசயம். காப்பு ரெண்டையும் வேறை ஒரு சாமானுக்குள்ளை வைச்சவவாம், எதுக்குள்ளை எண்டு மறந்துபோனாவாம். ஆனபடியால் லொக்கரிலை ஒரு ஆணியும் எறியக்கூடாது, முழுக்க லவாலுக்கு வரவேணும் எண்டு இப்ப அவதான் நிண்டு பெட்டி கட்டுறா.

ஆகையால் மச்சான், கோவத்தை விட்டிட்டு, கையெழுத்து வைச்சு இதை வாங்கின அண்டைக்கே பஸ் ஏறும். வலன்ரைன் எனக்குச் சாட்சி சொன்னமாதிரி நீர் வந்து அக்காவுக்குச் சொல்ல வேணும். ஒண்டு மட்டும் கவனம். அந்தப் படத்திலை உம்மடை முகம் ஒழுங்காய்த் தெரியேல்லை, மீசைதான் வடிவாய்த் தெரியுது. வந்து சேருமட்டும் அதிலை கை வையாதையும்.