பின்சீட்டில் உட்கார்ந்த தோஷம்

வெயில் ஏறுவதற்குள் தகரக் கொட்டகை வாசலில் அறுபது மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டிவிட்டன. அத்தனையும் நோயாளிகள். சில குதித்தன, சில குலுங்கின, சில வளைவில் வாலை ஆட்டின. ஓட்டி வந்தவர்களுக்கு மட்டும் எந்தக் கோளாறும் இல்லை, அவர்களே சொன்னார்கள்.

உள்ளே இருந்தவர் அதிர்வடக்கி சாமி. வண்டியைக் கையால் தொடமாட்டார். யார் ஓட்டுவது, பின்னால் யார் உட்காருவது, போகிற ரோடு எப்படி என்று மூன்றே கேள்வி. பிறகு வண்டிமேல் கறுப்புப் போர்வையைப் போர்த்தி, தானும் உள்ளே நுழைந்துகொள்வார். “ம்ம்ம்” என்று ஒரு முனகல் கேட்கும். அவர் வெளியே வரும்போது தோஷமும் வெளியே வந்திருக்கும். முக்காலமும் உணர்ந்தவருக்குப் போர்வை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

அந்த வரிசையில்தான் அன்று தையல்காரியும் அவள் புருஷனும் நின்றார்கள். அவள் துணிக் கம்பெனியில் தைப்பவள், வாட்டசாட்டமானவள். அவன் எலெக்ட்ரீஷியன், அவனிடம் இருக்கும் வயரைவிடக் கொஞ்சம்தான் தடிமன். முன்பெல்லாம் காலையில் அவளைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போவான். குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிப் போட்டதிலிருந்து, பள்ளத்துக்குப் பள்ளம் பின்சக்கரம் ‘டங்’ என்று இடித்தது. ஒருநாள் இடித்த இடியில் அவள் தூக்கி எறியப்பட்டாள். முழங்கை தோல் உரிந்து, மணிக்கட்டு வீங்கி, ஒரு வாரம் மெஷின் பக்கம் போக முடியவில்லை.

புருஷன் பதறிப்போய் வண்டியைச் சாமியிடம் கொண்டு போனான். தனியாகத்தான் போனான்; பின்னால் யார் என்று கேட்டதற்கும் ‘இப்ப யாரும் இல்ல’ என்றான். திரும்பும்போது வண்டி மிதந்தது. கை ஆறியதும் அவள் ஏறினாள். டங்.

மறுபடி ஓடினான். சாமி கண்ணை மூடினார்.

“தனியாப் போனா நல்லாருக்கா?”

“ஆமா சாமி.”

“அவங்க ஏறினா இடிக்குதா?”

“ஆமா சாமி.”

“அப்ப தோஷம் வண்டில இல்லப்பா. ஏறுற ஆள்கிட்ட இருக்கு. ஒன்பது வாரம் வந்துட்டுப் போ. அதுவரைக்கும் அவங்களை ஏத்தாதே.”

வீட்டுக்கு வந்தவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னான். “கொஞ்ச நாள் நடந்து போயேன்.”

“மூணு மைலா?”

“சாமி சொல்லிட்டாரு.”

நடந்தாள். கால் வலி பழகிவிட்டது. மூன்றாம் நாள், பக்கத்து மெஷின் பெண்ணிடம் வழியில் ஏற்றிக்கொள்ளச் சொன்னபோது அந்தப் பெண் சொன்னதுதான் பழகவில்லை. “தப்பா நினைக்காதீங்கக்கா. என் வண்டி புதுசு.”

அன்று முழுக்க தையல்காரி ஊசியைப் பார்த்துக்கொண்டே தைத்தாள். சட்டை இறுக்கினால் தையலைப் பிரித்து விடுவோம். போடுகிற ஆளுக்குத் தோஷம் என்று எந்தக் கம்பெனியிலும் சொன்னதில்லை. வண்டிக்கு மட்டும் என்ன வந்தது?

ஞாயிற்றுக்கிழமை புருஷன் தூங்கும்போது சீட்டைக் கழற்றினாள். அடியில் வண்டியோடு கொடுத்த புத்தகம், உறை பிரிக்காமல் இருந்தது. பக்கத்தில் கொக்கி போல வளைந்த ஸ்பேனர், எண்ணெய் காயாமல். புத்தகத்தில் படம் போட்டிருந்தது. பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்குக்கு அடியில் படிபடியாக வெட்டிய வளையம். ஓர் ஆள் என்றால் இரண்டாம் படி. இருவர் ஏறி மோசமான ரோட்டில் போனால் ஐந்தாம் படி. திருகத் திருக ஸ்பிரிங் இறுகிப் பாரம் தாங்கும். குனிந்து பார்த்தாள். வளையம் முதல் படியில் நின்றது, யாரோ சமீபத்தில் திருகிய தடத்தோடு.

அங்கேயே திருகியிருக்கலாம். ஆனால் மந்திரம் லேட்டாகப் பலித்தது என்று புருஷன் சொல்வான். ஊர் அதை நம்பும். அவள் கம்பெனியிலிருந்து தடித்த வெட்டுத்துணி கொண்டுவந்து, சக்கரத்தின் இரு பக்கத்து வளையங்களையும் சுற்றி உறைபோல நெருக்கித் தைத்தாள். முப்பது முடிச்சு.

அதனால்தான் அன்று அவளும் வரிசையில் வந்து நின்றாள்.

“சாமி, உங்க கை வண்டில படாதுல்ல?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“கையா? மூச்சும்மா. வெறும் மூச்சு.”

“பின்னாடி நான்தான் உக்காருவேன். தோஷத்தை எடுங்க.”

சாமி அவளை மேலும் கீழும் அளந்துவிட்டுப் போர்வைக்குள் போனார். “ம்ம்ம்.” நேரம் போயிற்று. “ம்ம்ம்ம்ம்.” கூட்டம் பரவசமானது. பெரிய தோஷம் போலிருக்கிறது என்றார் ஒருவர். உள்ளே ‘டர்ர்’ என்று ஏதோ கிழிந்தது. தோஷம்தான் கிழிகிறது என்றார் இன்னொருவர்.

அவள் போர்வையை உருவினாள்.

சாமி தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கையில் கொக்கி ஸ்பேனர். வாயில், பல்லிடுக்கில், அவள் தைத்த நூல்.

சாமி நூலைத் துப்பினார்.

“ஏம்மா, வெட்டுத்துணிய இவ்வளவு கெட்டியாவா தைப்பாங்க?”

“மூச்சு துணிக்குள்ள போகாதா சாமி?”

அவர் எழுந்து உட்கார்ந்தார். “இருபது வருஷம் மெக்கானிக்கா இருந்தேன். ஸ்பேனரைக் காட்டிச் சொன்னேன், ஒருத்தனும் கேக்கல. கண்ணை மூடினேன், வரிசைல நிக்கிறாங்க. நான் என்ன பண்ண?”

“ஸ்பேனரைப் பிடிச்சதை யாரும் குத்தம் சொல்லல. என்னைத் தோஷம்னு சொன்னீங்களே, அதுக்குப் பதில் சொல்லுங்க.”

சாமி கொக்கி ஸ்பேனரை அவளிடம் நீட்டினார்.

அவள் கத்தரியால் தையலைப் பிரித்தாள். இரண்டு பக்கமும் ஐந்தாம் படிக்குத் திருகினாள். புருஷனிடம் சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினாள்.

“நீங்க பின்னாடி உக்காருங்க. அங்க உக்கார்றது எப்படின்னு தெரியட்டும்.”

புருஷன் மறுபேச்சில்லாமல் ஏறினான். வாசலில் இருந்த ஏழு பள்ளங்களிலும் இறக்கி ஏற்றினாள். இரண்டு பேர், முழுப் பாரம். ஒரு டங் இல்லை.

“மன்னிச்சுடு” என்றான் அவன், அவள் முதுகைப் பார்த்து.

“முகத்தைப் பாத்துச் சொல்லணும். வீட்ல வந்து சொல்லுங்க.”

அவள் திரும்பி வந்து நிறுத்தியபோது கூட்டம் விலகி வழிவிட்டது. முன்வரிசைக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் மல்க, இரு கையும் கூப்பி வந்தார்.

“தாயே, என் வண்டியையும் ஒரு தடவை பார்த்து...”

பின்னால் அதற்குள் புது வரிசை உருவாகிக்கொண்டிருந்தது.

தையல்காரி பெருமூச்சு விட்டாள். “கும்பிட்டது போதும்யா. கொஞ்சம் குனிஞ்சு பாருங்க!”