மீட்டர் சாமியும் இரண்டு செம்புத் தண்ணீரும்

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு மீட்டர் சாமி எழுந்தருளியபோது, ஆண்டிபட்டியிலிருந்துகூட பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள். அந்தக் கோடையில் ஊரெல்லாம் வயிற்றுப்போக்கு. தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேட்க ஒருத்தர் இல்லை. சாமி என்ன சொல்கிறார் என்று கேட்க ஊரே திரண்டது. அதுதானே நம் வழக்கம்.

சாமி பழைய மாடல் சாமி இல்லை. வேப்பிலை, உடுக்கை எதுவும் கிடையாது. நெற்றியில் பட்டை, கையில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் டார்ச் லைட் பாட்டரி, மேலே ஒரு முள், பக்கத்தில் இரண்டு வயர். வயரைக் குடத்துக்குள் விட்டு முள் ஆடினால், அந்தத் தண்ணீரில் கிருமி மோகினி குடியிருக்கிறாள். ஆடாவிட்டால் சுத்தம். கிருமி என்று படித்தவனுக்கு ஒரு கும்பிடு, மோகினி என்று படிக்காதவனுக்கு ஒரு கும்பிடு. கெட்டிக்காரர்தான்.

மோகினியை விரட்ட மந்திரித்த தகரத் தாயத்து. குடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஒரே ஒரு பத்தியம், தாயத்து கிடக்கிற தண்ணீரைக் காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் மந்திரம் செத்துவிடும். வெந்நீருக்கே தாங்காத மந்திரம் மோகினியை எப்படித் தாங்கும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. காணிக்கையை முந்தானையில் முடிந்துகொண்டு வரிசையில் நின்றார்கள்.

பெட்டி தூக்குகிற பாக்கியம் சின்னக்கருப்புக்குக் கிடைத்தது. தோட்டத்துக்குப் போகச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிற மனுஷன், சாமியின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். முதல் தாயத்து அவர் வீட்டுக் குடத்தில்தான் விழுந்தது. அன்றோடு வீட்டில் தண்ணீர் காய்ச்சுவது நின்றது. அந்த வாரமே அவர் மகளுக்கு வாந்தியும் பேதியும். பிள்ளை கண் செருகிக் கிடக்க, அவர் மனைவி ராஜாத்தி அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நல்லவேளை, பிழைத்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடு, இல்லாவிட்டால் மறுபடியும் இங்கேதான் வருவாய் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் பானையை ஏற்றினால் சின்னக்கருப்பு இறக்கி வைத்தார்.

“ஒனக்கு நம்பிக்கை பத்தலைன்னு சாமி சொன்னாக.”

ராஜாத்தி வாதாடவில்லை. பெட்டி போகிற வீடெல்லாம் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் வீடுகளில் முள் துள்ளியது. ஆற்றுத் தண்ணீர் எடுக்கிற வீடுகளில் அசையவே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதில் பருப்பு வேகாது. முல்லையாற்றுத் தண்ணீரில் மலர மலர வேகும். அதனாலேயே ஆற்றுத் தண்ணீருக்கு எங்கள் ஊரில் ‘நல்ல தண்ணி’ என்று பெயர். பருப்பு வெந்தால் போதும், அதில் எருமை குளித்தாலும் நல்ல தண்ணிதான். ஊரார் நாக்கை நம்பிச் செய்துகொண்டிருந்த தப்புக்கு, சாமி பாட்டரி போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. ராஜாத்தி இரண்டு செம்போடு வந்து நின்றாள். முதல் செம்பில் வயரை விட்டார் சாமி. முள் அசையவில்லை. கங்கைக்குச் சமானம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டாவதில் விட்டார். முள் கடைசிவரைக்கும் எகிறியது. ஏழு மோகினிகள், குடித்தவர் விடியப் பிழைக்க மாட்டார் என்று கூட்டத்தைப் பின்னால் தள்ளினார்.

ராஜாத்தி அந்தச் செம்பை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“காய்ச்சி ஆறவச்ச தண்ணி. கொழம்புக்குப் போடுற உப்பை ஒரு சிட்டிகை போட்டேன். பெட்டிக்கு உப்புதான் தெரியும், கிருமி தெரியாது” என்றாள். பிறகு முதல் செம்பைச் சாமிக்கு நீட்டினாள். “இது எருமை குளிப்பாட்டுற துறையில மோந்தது. துணியில வடிகட்டிக் கொண்டாந்தேன். கங்கைன்னு சொன்னீகளே சாமி, ஒரு வாய் குடிங்க.”

சாமிக்கு அன்றைக்குப் பார்த்து விரதமாம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மானம் போகிறதே என்று சின்னக்கருப்பு பாய்ந்து செம்பை வாங்கி வாயருகே கொண்டுபோனார். ராஜாத்தி தட்டிவிட்டாள். தண்ணீர் சாமியின் காவியில் கொட்டியது.

“நீங்க குடிக்காதீக. எம்புள்ளையத்தான் தூக்கிட்டு ஓடினேன், ஒங்களையும் தூக்க எனக்குத் தெம்பில்ல.”

சின்னக்கருப்பு அவளைப் பார்த்தார். பிறகு சாமியின் பக்கம் திரும்பி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

“செம்பில இன்னும் ஒரு வாய் கெடக்கு. நீங்க ஏன் சாமி குடிக்க மாட்டேங்கிறீக?”

சாமிக்கு, போடிக்குப் போகிற பஸ் நினைவுக்கு வந்துவிட்டது. பெட்டியை விட்டுவிட்டு, ஈரக் காவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தில் மந்திரம் எதுவும் தெரியவில்லை.

பெட்டியை உடைக்க வந்தவர்களை ராஜாத்தி தடுத்துவிட்டாள். இப்போது அது அவள் அடுப்படியில் இருக்கிறது, பருப்பு வேகுமா வேகாதா என்று பார்க்க. தண்ணீர் காய்ச்ச விறகு சுமப்பது சின்னக்கருப்பின் வேலை. இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

பாவம், பெட்டி பொய் சொல்லவில்லை. உப்பைக் கண்டு ஆடியது. அது ஆடியதும் கும்பிட்டவர்கள் நாம். எதைப் பார்த்து ஆடுகிறாய் என்று கேட்கப் பாட்டரி வேண்டாம், தலைக்குள் இருப்பதே போதும். அதைக் கொஞ்சம் சூடேற்றுங்கள் ஐயா. காய்ச்சினால் கிருமிதான் சாகும். யோசித்து இதுவரை யாரும் செத்ததில்லை.