கணினிக்குள் குடியிருந்ததை எழுப்பிய கதை

சட்டமே தெரியாதவர்களோடு சீவித்துவிடலாம். சட்டம் முழுக்கத் தெரிந்தவர்களோடும், காசு கொடுத்தால், சீவித்துவிடலாம். ஒரேயொரு சட்டம் மட்டும் தெரிந்த மனிதரோடு ஒரு மாதம் பழகினால் காவியுடுத்துக் காட்டுக்குப் போகலாமா என்றுதான் யோசனை வரும். அப்படி ஒருவரை இந்த உலகம் ஒரே ஒரு தடவைதான் படைத்தது. படைத்துவிட்டுப் பயந்துபோய், கடல் தாண்டிக் கொண்டுவந்து புங்குடுதீவு மடத்துவெளியில் வைத்தது.

ஊரில் அவருக்குப் பெயர் ‘பத்து வருசம்’. பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார்.

அவருக்குத் தெரிந்த சட்டம் இதுதான்: ஒருவருடைய காணியில் இன்னொருவர் வாடகை கொடுக்காமல், விளைச்சலில் பங்கு கொடுக்காமல், ‘இது உன்னுடையது’ என்று ஒருதரமும் ஒப்புக்கொள்ளாமல் பத்து வருடம் இருந்துவிட்டால், காணி இருந்தவருக்கே சொந்தம். இதை அவர் தோற்றுப் படித்தார். வாலிபத்தில் கண்டியில் ஒரு கடையில் வேலைக்கு நின்றபோது, பக்கத்து ஊரான சரவணையில் இருந்த தகப்பன் காணியில் சித்தப்பாவின் மகன் குடிபுகுந்துவிட்டான். பத்து வருடம் கழித்து இவர் திரும்பிவந்து வழக்குப் போட்டார். காணி போய்விட்டது. சட்டம் மட்டும் மிஞ்சியது.

மிஞ்சியதைச் சும்மா விடுவாரா? பஸ்ஸில் தான் வழக்கமாக இருக்கும் சீற்றில் யாராவது இருந்தால், “தம்பி, இது என்ரை ஆட்சியிலை உள்ள இடம்” என்று எழுப்புவார். கோயில் தேர்முட்டியில் படுத்திருந்த கிழட்டு நாயைத் துரத்தவந்த ஐயரை மறித்து, “உது உங்களுக்கு முன்னம் வந்தது ஐயா, யோசிச்சுச் செய்யுங்கோ” என்றார். ஒருமுறை சொத்தைப் பல் வீங்கிக் கன்னம் பலாப்பழமாகி நின்றபோது, பிடுங்கச் சொன்ன டொக்டரிடம் அது பத்து வருடத்துக்கு மேலாக அங்கே இருப்பதாக வாதாடினார். பல்லும் வழக்கை வென்றது. மூன்று வாரம் கஞ்சி குடித்தார்.

இந்த மனிதரிடம் போய்த்தான் சுவிஸ்காரர் தன் வீட்டை ஒப்படைத்திருந்தார். சுவிஸ்காரர் என்பது எங்கள் ஒழுங்கையின் பெரிய வீட்டுக்குச் சொந்தக்காரர். அங்கே ஏதோ ஒரு ரெஸ்ரோறன்ட் குசினியில் பாத்திரத்துக்கு நடுவே நின்றுகொண்டு, இங்கே பளிங்குத் தரை போட்டு, ஆளில்லாத வீட்டுக்கு வருடா வருடம் பெயின்ற் அடிப்பிப்பவர். நம்முடைய ‘பத்து வருசம்’ பின் அறையில் தங்கி, முற்றம் கூட்டி, மாடு கலைத்து, வீட்டைப் பார்த்துவந்தார். அவர் அங்கே வந்தும் பத்து வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. ஊர் வாய்விட்டே கணக்குப் பார்த்தது.

“மனுசன் வீட்டை விழுங்கப்போறார்,” என்றார் அம்மா. “சட்டம் தெரிஞ்ச ஆளைக் கொண்டுபோய் வைச்சிருக்கிறானே, விசரன்.”

இந்தப் பேச்சு கடல் தாண்டிச் சுவிஸ்காரரின் காதுக்கும் போயிருக்கவேண்டும். ஒருநாள் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. நான் கணினிப் படிப்பு முடித்து, கொழும்பில் ஒரு வேலைக்கு நேர்முகம் கொடுத்துவிட்டு, கையும் காலும் சும்மா இருக்கமாட்டாமல் ஊரில் உள்ள பிறின்ரர்களை எல்லாம் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்த காலம்.

“தங்கச்சி, வீட்டைச் சுத்திக் கமரா பூட்டியாச்சு. ஆனா இஞ்சையிருந்து பாக்கேலாமக் கிடக்கு. அந்தப் பழைய கொம்பியூட்டரிலை கமரா வேலை செய்யாதாம். உள்ளை இருக்கிற பழசை எடுத்துப்போட்டுப் புதுசு போட்டுவிடும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கமரா சரிவந்தா அந்த மனுசனை நிப்பாட்டிப்போடலாம். வில்லங்கம் ஆகமுன்னம்.”

அதாவது, அந்தப் பழைய இயங்குதளம் இருக்கும்வரைதான் பத்து வருசத்துக்கும் பின் அறை. இது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. முற்றத்தில் நின்று கமராவை அண்ணாந்து பார்த்து, “எனக்குப் பதில் ஆள் வந்திட்டார் போலை” என்று அவரே சொன்னார்.

அந்தக் கணினி ஒரு தனிக் கூத்து. போட்டால் எழும்ப ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்கும் நேரம் எடுக்கும். எழும்பியதும் பச்சைப் புல்மேடும் நீல வானமுமாக அந்தக் காலத்துப் படம் வரும். ‘பத்து வருசம்’ அதை ஒவ்வொரு நாளும் கும்பிடாத குறையாகப் பார்ப்பார்.

“இவ்வளவு புல்லு நிக்குது, ஒரு மாடு இல்லை, பாத்தீரோ பிள்ளை? ஆரோ நல்லா வேலி அடைச்சு வைச்சிருக்கிறான்.”

“ஐயா, அது படம்.”

“படமெண்டாலும் ஆரோ ஒருத்தன்ரை காணிதானே?”

நான் வந்த வேலையைச் சொன்னேன். மனிதர் கணினிக்கும் எனக்கும் நடுவே கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“பழசை எழுப்பேலாது.”

“ஏன் ஏலாது?”

“எவ்வளவு காலமா உள்ளை இருக்குது? பத்து வருசம் தாண்டியிட்டுது. வாடகை குடுத்ததோ? இல்லை. விளைச்சல் குடுத்ததோ? அதிலை என்ன விளைஞ்சது, தூசிதான். நீ இந்த வீட்டுக்காரன் எண்டு ஆரையும் ஒப்புக்கொண்டதோ? இல்லை. அப்ப அந்த இடம் அதின்ரை. நீர் வேணுமெண்டாப் பக்கத்திலை ஒரு கொட்டில் போட்டுப் புதுசை இருத்தும்.”

படித்த முட்டாள் நான். அப்படியே செய்தேன். பழையதை விட்டுவிட்டு, மிச்ச இடத்தில் புதியதைப் போட்டேன். விளைவு: கணினி எழும்பும்போதெல்லாம் கறுப்புத் திரையில் இரண்டு பெயரையும் காட்டி ‘எது வேண்டும்?’ என்று கேட்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் தானாகப் புதியது வரும். ஆனால் ‘பத்து வருசம்’ பேசாமல் இருக்கிற ஆளா? எங்கள் ஊரில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து பழையதைத் தட்டிவிடுவார். “முதல் வந்தவனைத்தான் முதல் கூப்பிடவேணும்.” சுவிஸில் படம் கறுத்துப்போகும். சுவிஸ்காரர் எனக்குப் போன் எடுத்துக் கத்துவார். போதாததற்கு, பழையது பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால் கமராவின் பதிவுகள் இரண்டு நாளில் நிரம்பி முட்டின.

ஒருநாள் அவர் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக் கோயிலுக்குப் போகவென்று கிளம்பிய நேரம் பார்த்துப் புகுந்தேன். பழையதன் கோப்புறையைப் பிடித்து அழிக்கச் சொன்னேன். ‘இதை நீக்க உங்களுக்கு அனுமதி இல்லை. முதலில் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. அதை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த நிமிடத்தில் கடைசிப் படகைத் தவறவிட்ட மனிதர் நெற்றி நிறையத் திருநீற்றுக்குப் பதில் வியர்வையோடு வாசலில் நின்றார்.

“உதிலை என்ன எழுதிக் கிடக்கு? வாசியும்.”

பொய் சொல்லத் தெரியாமல் வாசித்தேன்.

“பாத்தீரோ! அதுக்கே சட்டம் தெரியுது! படிச்ச உமக்குத் தெரியேல்லை.” அன்று பின்னேரமே கடையடியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பாலுக்குப் போனால்கூட, “என்ன பிள்ளை, உரிமை மாத்தியாச்சோ?” என்று கேட்டார்கள்.

இந்த இடத்தில் இன்னொரு கூத்தையும் சொல்லவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ‘பத்து வருசம்’ அந்த வீட்டு வளவுத் தேங்காயில் இரண்டை உரித்து, காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் ஒரு பொட்டலம் கட்டி, சுவிஸுக்குப் போகிற யாருடைய பெட்டிக்குள்ளாவது திணித்துவிடுவார். அதோடு முடியாது. சாமான் போய்ச்சேர்ந்ததும், போனைச் சத்தமாக வைத்து, ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்தி, சுவிஸ்காரரின் வாயால் “கிடைச்சுது” என்று சொல்லவைப்பார். ஒரு வருடம் அந்த ஆள் நான்.

“உங்கடை வளவுத் தேங்காய் உங்களுக்கு வந்துசேர்ந்ததோ?”

“ஓம் ஓம், வந்தது. ஏன் அண்ணை உந்தக் கரைச்சல்? இஞ்சை கடையிலையும் தேங்காய் விக்கிறாங்கள்.”

“கிடைச்சுது எண்டு சொல்லும்.”

“கிடைச்சுது!”

“கேட்டீரோ பிள்ளை? நீர் சாட்சி.”

இந்த மனிதரின் தலையில் ஓடுகிற கணினிக்குத்தான் முதலில் புதிய இயங்குதளம் போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கடைசியில் எனக்கு வழி காட்டியது பழையதேதான். அந்தக் கணினியை விற்ற கடைக்காரன் போட்டுக்கொடுத்தது திருட்டுப் பிரதி. எழும்பும்போதெல்லாம் திரையின் மூலையில் ஒரு அறிவித்தல் வரும். வருடக்கணக்காக எல்லோரும் அதைத் தள்ளிவிட்டே பழகியிருந்தோம். ஒருநாள் அதைத் தள்ளாமல் பத்து வருசத்தைக் கூப்பிட்டேன்.

“ஐயா, இது என்ன சொல்லுது தெரியுமோ? ‘நான் முறையாக வாங்கப்பட்ட பிரதி இல்லை, எனக்கு உரிமைக்காரர் வேறை ஆள்’ எண்டு சொல்லுது.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எப்ப தொடக்கம் சொல்லுது?”

“முதல் நாளிலையிருந்து. ஒவ்வொரு நாளும்.”

அவருடைய முகத்தில் இருந்த சண்டை அப்படியே இறங்கியது. பிறகு கதிரையை எடுத்து ஓரமாக வைத்தார்.

“ஒப்புக்கொண்டவனுக்கு வழக்கில்லை,” என்றார். “எழுப்பும்.”

உரிமையை என் பெயருக்கு மாற்றினேன். அழி என்றேன். பச்சைக் கோடு திரையில் ஊர்ந்து முடியும்வரை மனிதர் சால்வையைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். செத்தவீட்டில்கூட அவர் அவ்வளவு ஒழுங்காக நின்று நான் பார்த்ததில்லை.

சுவிஸில் படம் பளிச்சென்று தெரிந்தது. கோயில் திருவிழாவுக்குச் சுவிஸ்காரர் வந்து இறங்கினார். கூடவே யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சட்டத்தரணி. வான் வண்டியில் வந்த இருவரும் சண்டைக்குத் தயாராகத்தான் இறங்கினார்கள். ஒழுங்கை முழுவதும் வேலிக்குப் பின்னால் நின்றது. கமரா விஷயம் கேட்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

‘பத்து வருசம்’ வாசல் படலையடியில் நின்றார். பையில் இரண்டு உடுப்பு. கையில் வீட்டுக் கதவுகளின் திறப்புக்கோர்வை.

சட்டத்தரணி கையிலிருந்த பைலைத் திறந்தார். “அண்ணை, இந்த வீட்டிலை உங்களுக்கு ஏதும் உரிமை இருக்கெண்டு…”

“வருசா வருசம் வளவுத் தேங்காய் குடுத்தனான். கிடைச்சுது எண்டு இவரே சொன்னவர். இந்தப் பிள்ளை சாட்சி.”

சுவிஸ்காரருக்கு விளங்கவில்லை. சட்டத்தரணிக்கு உடனே விளங்கியது. பைலை மூடினார்.

“விளைச்சல் குடுத்தா நீங்கள் எத்தினை வருசம் இருந்தாலும் ஒண்டும் கோரேலாது. அது தெரியுமோ உங்களுக்கு?”

“தெரிஞ்சுதானே குடுத்தனான்,” என்றார் பத்து வருசம். “எனக்கு ஒருத்தன் செய்ததை நான் இன்னொருத்தனுக்குச் செய்யேலாதே.”

திறப்பைக் கொடுத்தார். பஸ் பிடித்துச் சரவணையில் தங்கச்சி வீட்டுக்குப் போனார். பஸ்ஸில் அவருடைய சீற்றில் யாரோ இருந்ததாகவும், மனிதர் ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டே போனதாகவும் கேள்வி.

சுவிஸ்காரர் திருவிழா முடிந்து திரும்பிப்போனார். பிறகு எனக்கு ஒவ்வொரு நாளும் போன். “தங்கச்சி, முற்றத்திலை மாடு நிக்குது!” நாலு பக்கமும் கமரா. மாட்டின் முகம், முதுகு, வால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கலைக்கத்தான் ஒரு கமராவும் இறங்கி வரவில்லை. பளிங்குப் படியில் சாணி. திருவிழாவுக்கென்று தான் கதவோடு கட்டிவிட்டுப்போன வாழைக்குலையை அணில் தின்பதைக்கூட அவர் சுவிஸ் குசினியில் நின்று நேரலையில் பார்த்தார். ஒரு மாதத்தில் அவரே சரவணைக்குப் போன் எடுத்துக் கெஞ்சினார்.

‘பத்து வருசம்’ ஒரு நிபந்தனையோடு வந்தார். தான் இருப்பது வீட்டுக்காரரின் அனுமதியோடு என்று சுவிஸ்காரரே மூன்று பேர் முன்னால் போனில் சொல்லவேண்டும். சொன்னார். அதில் ஒரு ஆள் நான்தான், வேறு யார்?

இப்போது கொழும்பு வேலை கிடைத்துவிட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் கணினியைப் பார்த்துவிட்டு வரப் போனேன். பழையது போய்விட்டாலும், எழும்பும்போது வருகிற கறுப்புத் திரையில் அதன் பெயர் மட்டும் இன்னும் கிடக்கிறது. அதைத் தட்டினால் ஒன்றும் வராது. ‘பத்து வருசம்’ கரண்ட் வரும்போதெல்லாம் வந்து குந்தி, அந்தப் பெயரை ஒருதரம் வாசித்துவிட்டு, புதியது வரும்வரை பேசாமல் இருக்கிறார்.

“உது இருக்கட்டும் பிள்ளை,” என்றார். “இருந்தது தானே.”

அந்தப் பெயரை எடுக்க ஒரு வரி அடித்தால் போதும். சுவிஸ்காரரும் இரண்டு தரம் கேட்டுவிட்டார். நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.