ஐந்து மக்னோலியா பெற்ற குடில்

பழம்பெரும் நாகரிகங்களில் சில சக்கரத்தைக் கண்டுபிடித்தன, சில பூஜ்யத்தைக் கண்டுபிடித்தன. ஆனால் வந்த விருந்தாளியை எங்கே படுக்க வைப்பது என்ற ஆதாரக் கேள்விக்கு விடை கண்ட பெருமை, மிசிசிப்பி மாநிலத்தில் டாலிவர் என்னும் சிற்றூரையே சேரும். மற்ற ஊர்க்காரர்கள் கட்டில், விசிறி, கதவுக்குத் தாழ்ப்பாள் என்று அற்ப விஷயங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, டாலிவர் மட்டும் 'சுகம்' என்றால் என்ன என்று ஆராய ஒரு வாரியமே அமைத்தது. 'சுகத் தங்கல் வாரியம்' என்று பெயர். அதற்கு ஓர் இயக்குநர், ஒரு மேசை, மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் மக்னோலியாப் பூ. தங்கும் இடங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மக்னோலியாக்கள் வழங்கி வாழ்த்துவது வாரியத்தின் திருப்பணி.

ஊரின் நாகரிகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாலிவரில் யாரும் யாரிடமும் 'முடியாது' என்று சொல்லமாட்டார்கள். 'ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்' என்றால் நடக்காது என்று அர்த்தம். 'உங்க மனசை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்' என்றால் நீ சுத்த மடையன் என்று அர்த்தம். அதிலும், முன்தாழ்வாரத்தில் உட்கார வைத்து, சர்க்கரையை அள்ளிப் போட்ட ஐஸ் டீயைக் கையில் கொடுத்தாகிவிட்டது என்றால், அந்த ஆளை மறுத்துப் பேச எந்தச் சீமாட்டிக்கும் நாக்கு எழாது. வெளியூர்க்காரர்கள் இதைப் பாராட்டிப் பாராட்டி மாய்ந்து போவார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஜூன் மாதத்து வெயிலில் வெர்லீன் வந்து சேர்ந்தாள். மெம்ஃபிஸில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். பக்கத்து இருக்கையில் அவளுடைய அத்தை உல்டீன். எண்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் ஒத்துழையாமை இயக்கம் நடத்திக்கொண்டிருந்தன.

விஷயம் இதுதான். ஆகஸ்டில் குடும்பம் முழுவதும் ஒன்றுகூடப்போகிறது. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை, சனிக்கிழமை வறுத்த கெளுத்தி மீன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. பூர்வீக ஊரான டாலிவரில்தான் கூட வேண்டும் என்பது வெர்லீனின் பிடிவாதம். அட்லாண்டாவில் ஒரு பெரிய ஓட்டலில் கூட வேண்டும் என்பது சித்தப்பா மகள் கிளாரிஸின் பிடிவாதம். அத்தையால் இரண்டு மணி நேரத்துக்குமேல் காரில் உட்கார முடியாது. டாலிவர் என்றால் அத்தை வருவாள், அட்லாண்டா என்றால் வரமாட்டாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிற வயசும் அவளுக்கு இல்லை.

"மத்தவங்களுக்கு ஹைவே மோட்டல்ல ரூம் கிடைச்சிருச்சு, சரி," என்று கிளாரிஸ் போனில் சொல்லியிருந்தாள். "கீழ்த்தளம் ஒண்ணுகூட இல்லயே. அத்தையை மாடிக்கு என்ன, தூக்கிட்டா போவே? நாளைக்குள்ள அவளுக்கு ஒரு இடம் பாத்துச் சொல்லு. இல்லாட்டி நான் அட்லாண்டாவுக்கு முன்பணம் கட்டிடுவேன். அப்புறம் என்மேல பழி போடாதே."

ஆகவே அத்தையையே கூட்டிக்கொண்டு, ஓர் இரவு படுத்துப் பார்த்து முடிவு செய்துவிடுவது என்று வந்திருந்தார்கள்.

வாரியத்தின் இயக்குநர் பிரெஸ்டன் கில்லியம் எழுந்து நின்று, பேர் கேட்டு வரவேற்றார். வண்ணத்துப்பூச்சி டை கட்டிய, ரோஜா நிறக் கன்னங்கள் கொண்ட இளைஞர்.

"மேடம், உங்களுக்கு எந்த அளவு சுகம் வேணும்?"

"கீழ்த்தளத்துல ஒரு ரூம். ஒரு நல்ல கட்டில். ஏசி," என்றாள் வெர்லீன்.

பிரெஸ்டன் பரிதாபப்பட்டுச் சிரித்தார். "அதெல்லாம் வசதி மேடம். வசதி வேற, சுகம் வேற. இடம் சின்னதாக ஆக சுகம் கூடும், இது எங்க வாரியத்தோட ஆய்வு முடிவு. கை காலை நீட்டினா சுவர்ல இடிக்கணும். இடிச்சா மூணு மக்னோலியா. நிமிர்ந்தா தலையும் இடிச்சா நாலு."

"அப்ப சவப்பெட்டிக்கு அஞ்சு குடுப்பீங்களா தம்பி?" என்று கேட்டாள் அத்தை.

"விண்ணப்பம் இன்னும் வரலீங்க மிஸ் உல்டீன்," என்றார் பிரெஸ்டன் மிகுந்த மரியாதையுடன்.

முதலில் அவர் அழைத்துப் போனது மூன்று மக்னோலியா பெற்ற மிஸ் ஓப்பலின் விடுதி. கட்டில் இருந்தது. கட்டிலில் ஏற்கெனவே ஆட்களும் இருந்தார்கள். பீங்கான் முகமும் சரிகைக் கவுனும் போட்ட பொம்மைகள், தலையணை தெரியாத அளவுக்கு.

"இவங்களை எங்க வைக்கறது?" என்றாள் வெர்லீன்.

மிஸ் ஓப்பல் நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, அவங்களை நகர்த்தக்கூடாது. அவங்களுக்குப் பழக்கமான இடம் அது. ஓரமாப் படுத்துக்கிட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நான் குறட்டை விடுவேன். அவங்க தூக்கம் கெட்டுடும்," என்று சொல்லிவிட்டு அத்தை கைத்தடியைத் திருப்பினாள். மிஸ் ஓப்பல் அவளுடைய மனசை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும் என்றாள்.

"கவலைப்படாதீங்க," என்றார் பிரெஸ்டன். "எங்க வரலாற்றுலயே ஐந்து மக்னோலியா வாங்கின இடம் ஒண்ணே ஒண்ணுதான். போன வாரம்தான் திறந்தோம். இன்னும் யாரும் தங்கலை. நீங்கதான் முதல் விருந்தாளி."

கார் ஓக் மரங்களுக்கு நடுவே போய், வெள்ளைத் தூண்கள் வரிசையாக நின்ற ஒரு மாளிகையின் முன்னால் நின்றது. வீட்டுக்காரி மிஸ் கமில்லா தாழ்வாரத்திலேயே காத்திருந்தாள். முத்துமாலை, சலவை கலையாத உடை. விருந்தாளிகளை உட்கார வைத்து, டீயைக் கையில் கொடுத்து, அத்தையின் உடல்நலத்தை விசாரித்து, வெயிலுக்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். உபசாரத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

"மாளிகையில கல்யாண கோஷ்டி தங்கியிருக்கு. ஆனா உங்களுக்குக் குடுக்கப்போறது அதைவிட உசத்தியான இடம்," என்று சொல்லி, பின்பக்கம் அழைத்துப் போனாள்.

பின்பக்கம், சமையற்கட்டையும் தாண்டி, பருத்தி வயலின் ஓரத்தில் அது இருந்தது. மரப்பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே அறை. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, பலகை மூடிதான். வரலாறு கெட்டுவிடும் என்பதால் விசிறி வைக்கவில்லை. அதே காரணத்தால் மெத்தையிலும் வைக்கோல்தான். வாசலில் பித்தளையில் ஐந்து மக்னோலியாக்கள் பளபளத்தன.

வெர்லீனுக்கு அது என்ன என்று பார்த்தவுடனே புரிந்துவிட்டது. அடிமைகளை அடைத்து வைத்திருந்த குடில்.

"யாரு இருந்த இடம் இது?" என்றாள்.

"உதவிக்கு இருந்தவங்க," என்றாள் மிஸ் கமில்லா இனிமையாக. "வேலைக்காரங்கன்னு சொல்லவே எனக்கு மனசு வராது. எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி."

"எத்தனை பேர்?"

"பதினோரு பேர்! இந்த ஒரு அறையில! அந்த நெருக்கமெல்லாம் இப்ப எந்தக் குடும்பத்துல இருக்கு, சொல்லுங்க? என் பிள்ளைங்க ரெண்டும் ஒரே மாநிலத்துலகூட இல்ல."

"ரொம்ப நாள் இருந்தாங்களோ?" என்று கேட்டாள் அத்தை.

"காலம் பூரா! ஒருத்தர்கூட விட்டுப் போனதில்ல. எப்பவாவது யாராவது கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாலும் எங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா சும்மா விட மாட்டாராம். ராத்திரின்னு பாக்காம, குதிரை, நாய், பக்கத்து வீட்டு ஆம்பளைங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுத் தேடிப் போய்க் கூட்டிட்டு வந்துடுவாராம். அவ்வளவு பாசம்."

பிரெஸ்டன் நெகிழ்ந்து போய்த் தொப்பியைக் கழற்றினார். வெர்லீனின் தொண்டை வரை வந்த வார்த்தை டாலிவரின் நாகரிகத்துக்கு உகந்தது அல்ல. அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "கோவத்தை வண்டியில வெச்சிட்டு வா, அம்மாடி. எனக்குக் கால் வலிக்குது. போய் உக்காந்து பேசலாம்."

தாழ்வாரத்துக்குத் திரும்பினார்கள். இன்னொரு கிளாஸ் டீ வந்தது. அத்தை சாவகாசமாகக் குடித்தாள். மிஸ் கமில்லா பேனாவை எடுத்தாள்.

"முழுப் பேர் சொல்லுங்க, மிஸ் உல்டீன்."

"உல்டீன் லாட்டிமோர்."

"அட!" மிஸ் கமில்லா கை தட்டினாள். "நாங்களும் லாட்டிமோர்தான்! ஒருவேளை சொந்தமா இருப்போமோ!" என்று சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது, தன்னைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

"இருக்கும்," என்றாள் அத்தை. "எங்க கொள்ளுத்தாத்தா பொறந்தது அந்தக் குடில்லதான். உங்க பேரைத்தான் அவருக்கு வெச்சாங்க. வேற பேரு வெச்சுக்க விடலையாம். நீங்கதான் இப்ப சொன்னீங்களே, குடும்பத்துல ஒருத்தர்னு."

"மா... மாதிரி," என்றாள் மிஸ் கமில்லா.

"நம்ம வீட்டு ஆளுங்க வந்தா நம்ம வீட்ல படுக்க வெப்பமா, வெளியில படுக்க வெப்பமா? உன் ரூம் கீழ்த்தளந்தானே கமில்லா? குடும்பம்னு ஆனப்புறம் 'மிஸ்' எதுக்கு, என்ன சொல்றே?"

'முடியாது' என்ற சொல் மிஸ் கமில்லாவின் வாய்வரை வந்திருக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே அதற்கு அனுமதி இல்லை. ஜெபம் பண்ணிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாமென்றால், "பண்ணு, நான் காத்திருக்கேன்," என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் அத்தை. டீ வேறு குடித்தாகிவிட்டது.

"தாராளமா..." என்றது மிஸ் கமில்லாவின் வாய். பல தலைமுறைப் பழக்கத்தில் அது நிற்கவும் இல்லை. "எப்ப வந்தாலும் இது உங்க வீடுதான்."

"ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை வர்றோம்," என்றாள் அத்தை. "எழுதிக்கோ."

மிஸ் கமில்லா எங்கே படுப்பது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. மாடி அறைகளில் கல்யாணக்காரர்கள். கூடத்து சோபாவில் மணமகளின் கவுன் கால் நீட்டிப் படுத்திருந்தது. பிரெஸ்டன்தான் உதவிக்கு வந்தார். "மிஸ் கமில்லா, ஐந்து மக்னோலியா இடம் சும்மாதானே இருக்கு?" என்றார் முகமெல்லாம் மலர்ந்து. அவர் அதை முழு நம்பிக்கையோடுதான் சொன்னார். வாரியத்தின் ஆய்வை அவர் ஒருநாளும் சந்தேகித்தவர் இல்லை.

அன்று இரவு உல்டீன் லாட்டிமோர், நான்கு தூண் வைத்த தேக்குக் கட்டிலில், ஏசியின் குளிரில், இறகு மெத்தையில் படுத்தாள். வெர்லீன் அதே அறையில் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டாள். அத்தையின் குறட்டை ஏறி இறங்கியது. வெர்லீனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கிளாரிஸைப் போனில் கூப்பிட்டாள்.

"சத்தம் கேக்குதா? அத்தைதான். இடம் முடிவாயிடுச்சு."

"என்னடி இது, லாரி மாதிரி உறுமறா," என்றாள் கிளாரிஸ். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரி. எனக்கும் மோட்டல்ல ஒரு ரூம் சொல்லி வை. மாடியா இருந்தாலும் பரவால்ல."

காலையில் சாப்பாட்டு மேசையில் அத்தைக்கு முன்னால் சோளக் கஞ்சி, பன்றிக்கறி, பிஸ்கட் என்று அங்கே சொல்லும் சூடான குட்டி ரொட்டி. வாரியத்தின் நாள்காட்டிக்காக 'முதல் விருந்தாளி'யைப் படம் பிடிக்க பிரெஸ்டன் கேமராவோடு வந்து நின்றார். அப்போதுதான் பின்கதவு வழியாக மிஸ் கமில்லா உள்ளே வந்தாள். முத்துமாலை முதுகுப் பக்கம் தொங்கியது. முடியில் வைக்கோல். முகம், கழுத்து, கை எல்லாம் கொசுக்கடித் தடிப்பு.

"பிரெஸ்டன்," என்றாள். அவள் குரலில் முதல்முறையாகச் சர்க்கரை இல்லை. "நான் புகார் குடுக்கறேன். எழுதிக்கோ. காத்துன்னு ஒண்ணு அங்க இல்லவே இல்ல. வெயில் போன பிறகும் தகரம் அடுப்பு மாதிரி கொதிக்குது. வைக்கோல் முதுகெல்லாம் குத்துது. வெளியில வரலாம்னா ஒரே இருட்டு. ஒரு ராத்திரி என்னால தாங்க முடியல. மனுஷங்க இருக்கற இடமா அது?"

பிரெஸ்டன் கேமராவை இறக்கினார். வாரியத்தின் கௌரவம் அவர் தோளில் வந்து உட்கார்ந்தது.

"அவசரப்பட்டுச் சொல்லாதீங்க, மிஸ் கமில்லா. நூத்தி எழுபது வருஷமா நிக்குது அந்தக் குடில். பதினோரு பேர் சேந்தாப்புல இருந்திருக்காங்க, பொறந்து, வளந்து, செத்துப் போயிருக்காங்க. ஒருத்தராவது ஒரு புகார் குடுத்தாங்கன்னு எங்கயாச்சும் இருக்கா? இதுதான் முதல் புகார்."

உல்டீன் அத்தை பிஸ்கட்டைப் பிட்டு, வெண்ணெயை நிதானமாகத் தடவினாள்.

"குடுத்தாங்க, தம்பி," என்றாள். "பதிலும் அன்னைக்கே கிடைச்சுது. முதுகுல."