உரிமமற்ற மைத்துனருக்கு ஓர் இறுதி அறிவிப்பு

செயின்ட் ஹீலியர், ஜெர்சி
15 ஜூன் 2021

பெறுநர்: திரு. தியெரி லெமுவான், 'லா மார்கரித்' படகின் உரிமையாளர், கிரான்வில், பிரான்ஸ்.

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தாங்களும் என் தங்கை ஜோஸலினும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நலமாயில்லை. காரணங்கள் பின்வருமாறு:

1. 9 ஏப்ரல் 2017: மின்கியே பாறைத்திட்டில் எங்கள் குடிசைக்காரர்களின் பொதுக் கழிப்பறையை அனுமதியின்றிப் பயன்படுத்தினீர்கள். கதவில் 'பிரான்ஸ் நன்றி தெரிவிக்கிறது' என்று சுண்ணக்கட்டியால் எழுதியும் வைத்தீர்கள்.

2. 17 ஜூன் 2018: என் சிங்கி இறால் கூடுகளுக்கு நடுவே தங்கள் கூடுகளை இறக்கினீர்கள். தங்கள் கூடுகளில் இறால் இருந்தது.

3. 4 ஆகஸ்ட் 2019: என் குடிசை வாசலில் மீன் சுட்டுத் தின்று முள்ளை அங்கேயே போட்டுவிட்டுப் போனீர்கள். எனக்கும் இரண்டு மீன் தரப்பட்டது என்பது வழக்குக்குத் தொடர்பற்றது.

4. 6 ஜூன் 2021: மேற்கண்டவை உள்ளிட்ட என் புகார்க் கோப்பு முழுவதன் நகலையும் என்னிடமே கேட்டீர்கள்.

5. 13 ஜூன் 2021: கடந்த ஞாயிறு. இதை ஒரு வரியில் எழுத என்னால் இயலவில்லை.

நான்காவதிலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையை விட்டு வெளியேறியபின், பிரிட்டிஷ் முடியின்கீழ் உள்ள எங்கள் ஜெர்சித் தீவின் கடலில் வலை போட விரும்பும் பிரெஞ்சுப் படகு, அந்தக் கடலில் முன்பும் மீன் பிடித்து வந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். பெரிய படகுகளில் வழித்தடம் பதியும் கருவி உண்டு. தங்கள் படகில் அதற்குப் பதிலாக இருப்பது ஒரு திசைகாட்டியும் ஒரு காபிக் குடுவையும். ஆகவே தாங்கள் இங்கே மீன் பிடித்தீர்கள் என்பதற்கு இவ்வுலகில் எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று, தங்களை இங்கிருந்து விரட்டுவதற்காக மின்கியே குடிசைக்காரர் சங்கத்துக்கு ஆண்டுதோறும் நான் அனுப்பிவந்த புகார்களே. அந்தச் சங்கத்தின் செயலாளரும் நானே என்பதால் அவை பத்திரமாக இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்தவர் தாங்களல்ல, என் தங்கை என்பதை அறிவேன். தங்கள் மூளை அவ்வளவு தூரம் ஓடாது.

அந்தக் கோப்பை நான் ஏன் தர முடியாது என்பதை, பிரான்சின் கான் பல்கலைக்கழகத்தில் எங்கள் தீவின் பழைய நார்மன் சட்டம் பயின்றவன் என்ற முறையில் விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். மின்கியே யாருடையது என்று இரு நாடுகளும் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம்வரை போய் வழக்காடியது என் பாட்டனார் காலத்தில். எங்களுக்குத்தான் என்று தீர்ப்பு வந்தது. இன்று நான், 'ஆம், பிரெஞ்சுக்காரர் ஒருவர் இங்கே ஆண்டுக்கணக்கில் மீன் பிடித்தார், மீன் சுட்டார், கழிப்பறைக்கும் போனார்' என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால், நாளை இன்னொரு தகராறு முளைக்கும்போது அந்தத் தாளை எவரேனும் நீதிபதியின் முன் விரிப்பார். பாறைகளை இழந்தவன் என்று என் பெயர் நிற்கும். சென்ற மாதம் தங்கள் ஊர்ப் படகுகள் எங்கள் துறைமுக வாயிலில் வந்து கூடியபோதே நான் மூன்று பெட்டி மெழுகுவர்த்தி வாங்கினேன். எங்கள் தீவுக்கு மின்சாரம் பிரான்சிலிருந்துதான் கடலடிக் கம்பி வழியாக வருகிறது. எனக்கு வராத தூக்கம் தங்களுக்கு எப்படித்தான் வருகிறதோ.

இனி ஐந்தாவது. ஞாயிறு காலை நான் மின்கியேயில் என் குடிசையில் இருந்தேன். மூடுபனி எழுந்து நீட்டிய கையை மறைத்தது. நீர் வற்றத் தொடங்கியிருந்தது. அங்கே நீர் வற்றினால் கடலுக்கடியிலிருந்து ஒரு ஊர் அளவுக்குப் பாறை எழும்பும் என்பதைத் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்நேரத்தில் ஒரு இயந்திரச் சத்தம் கேட்டது. எந்தப் படகு என்று உடனே தெரிந்தது. இருமிக்கொண்டே ஓடும் இயந்திரம் இந்தக் கடலில் ஒன்றுதான். ரேடியோவில் அழைத்தேன், பதில் இல்லை. காவல் படகின் கண்ணில் படாமலிருக்க விளக்கையும் ரேடியோவையும் அணைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று புரிந்தது. பிறகு சத்தம் நின்றது.

சத்தம் நின்றபின் ஜோஸலின் தொலைபேசியில் வந்தாள். தாங்கள் விடிவதற்குள் கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "புகார் எழுதறப்பல்லாம் ரெண்டு மைல் தள்ளி வந்தாக்கூட உனக்கு அவர் சத்தம் கேட்டுச்சேண்ணா. இன்னிக்கு மட்டும் கேக்கலையா?"

நான் படகுத்துறைச் சரிவுக்கு ஓடினேன். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. அங்கே நின்றபோதுதான் சட்டச் சிக்கல் உறைத்தது. 'இங்கே வாருங்கள்' என்று நான் கூவினால், உரிமமற்ற அந்நியப் படகொன்றை எங்கள் எல்லைக்குள் நானே அழைத்தவனாவேன். கூவாவிட்டால் என் தங்கைக்கு என்ன பதில் சொல்வது? எனவே, 'இங்கே வராதே, திரும்பிப் போ' என்று என் குரல் சென்ற மட்டும் கத்தினேன். குரல் வரும் திசை தெரிந்தால் போதும், அதிலுள்ள கட்டளைக்குத் தாங்கள் என்றுமே கீழ்ப்படிந்ததில்லை. இத்தனை ஆண்டுக் கோபத்தையும் கொட்டினேன், இறாலைச் சொன்னேன், முள்ளைச் சொன்னேன், தங்கள் கல்யாணத்தில் என் மேலங்கியில் சிந்திய ஆப்பிள் மது வரை சொன்னேன், திட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாதபோது ஒப்பந்தத்தின் மீன்பிடிப் பகுதியை மனப்பாடமாக ஒப்பிக்க ஆரம்பித்தேன், நடுவில் ஒரு பிரிவு மறந்துபோச்சு, அலையைத் தவிர வேற ஒண்ணும் கேக்கல, செத்துத்தான் போயிட்டான் பாவினு அந்த ஈரப் பாறைமேலயே உக்காந்துட்டேன்.

மன்னிக்கவும். அப்போது பனிக்குள்ளிருந்து தங்கள் குரல் வந்தது.

"நிறுத்தாதீங்க மச்சான். அடுத்த பிரிவைப் படிங்க. இடப்பக்கம் பாறை, ஒண்ணும் தெரியல."

படித்தேன். இல்லாத பிரிவுகளையும் சேர்த்துப் படித்தேன். படகின் முகப்பு பனியைக் கிழித்துக்கொண்டு வந்து சரிவில் உரசியபோது, எரிபொருள் குழாய் அடைத்து இயந்திரம் நின்றுவிட்டதாகவும், துடுப்பாலேயே வந்ததாகவும், நான் வேறு மூலையில் நின்று கூவியிருந்தால் படகின் வயிற்றில் பாறை ஏறியிருக்கும் என்றும் ஏதோ வானிலை சொல்வதுபோல் சொன்னீர்கள். என் காபியைக் குடித்தீர்கள். என் ஒற்றைச் செருப்பைப் பார்த்து, இன்னொன்று எங்கே என்று கேட்டீர்கள்.

உரிமம் வரும்வரை கரையில் இருந்தால் என்ன என்று நான் கேட்டதற்குத் தாங்கள் சொன்ன பதிலை எழுத்தில் பதிகிறேன்: "கரையில இருந்தா உங்க தங்கச்சி ஜன்னல் கதவுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கச் சொல்றா. அப்புறம், எங்க அப்பா கூடு போட்ட எடம் மச்சான் அது. நீங்க கோப்பைக் குடுத்தா வெளக்கப் போட்டுக்கிட்டு வருவேன். குடுக்கலைன்னா இப்படித்தான் வருவேன்."

இது மிரட்டல். மிரட்டலுக்கு இணங்கி ஒரு தாளும் தரமாட்டேன். இறையாண்மை என்பது காபியோடு சேர்த்துப் பரிமாறும் பண்டமல்ல. இதுவே என் இறுதி முடிவு. இதில் மாற்றமில்லை.

ஜோஸலினுக்கு என் அன்பையும், தங்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவிலான மரியாதையையும் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் இல்லம் வளமுடன் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கிளெமென்ட் ரெனூஃப்
செயலாளர், மின்கியே குடிசைக்காரர் சங்கம்

பின்குறிப்பு: கோப்பு முழுவதையும் இன்று காலை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். விண்ணப்பதாரர் உங்களுக்கு என்ன உறவு என்று அங்கிருந்த அம்மையார் கேட்டார். எதிர்த்தரப்பு என்றேன். ஒரு பக்கத்தைப் புரட்டிப் படித்துவிட்டு, 'குடும்பம்' என்ற கட்டத்தில் குறியிட்டார். நான் ஆட்சேபிக்கவில்லை. முடிவு வர இரண்டு வாரம் ஆகலாமாம். இந்த வாரக் கடைசியிலும் மூடுபனி என்கிறார்கள். ஆகவே, உரிமம் கைக்கு வரும்வரை 'லா மார்கரித்'தின் கயிற்றை அவிழ்க்கமாட்டேன் என்று தங்கள் கையால் எழுதி, ஜோஸலினைச் சாட்சிக் கையெழுத்திடச் செய்து, வரும் வெள்ளிக்கிழமை, ஜூன் 18, நண்பகலுக்குள் எனக்கு அனுப்பிவைக்க வேண்டும். தாளைப் படமெடுத்து அனுப்பினாலும் ஏற்பேன். தொலைபேசியில் சொன்னால் ஏற்கமாட்டேன். தொலைபேசியில் தாங்கள் சிரிப்பீர்கள்.