முப்பத்தாறு பேர் கேட்காத பேட்டி

சங்கீதத்துக்காக உயிரை விடுகிற ஆசாமிகளை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். சங்கீத வித்வான்களின் பேச்சுக்காக உயிரை விட்டு, அவர்கள் பாட ஆரம்பித்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற ஆசாமியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உலகத்திலேயே அப்படி ஒருவர்தான் இருந்தார். எண்பதுகளில் அவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்புறம், மூன்றாவது குறுக்குத் தெருவில், எனக்கு நேர் எதிர் வீட்டில் குடியிருந்தார்.

அவரை எல்லோரும் நேயர் என்போம். பெற்றோர் ஆசையாக வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள், பாவம். வானொலிக்கு ஓயாமல் கடிதம் எழுதுகிறவர் என்பதால், ‘அன்புள்ள நேயர்களே’ என்று அறிவிப்பாளர் கூப்பிடும்போதெல்லாம் எங்கள் தெருவே அவர் வீட்டைத்தான் திரும்பிப் பார்த்தது. மளிகைக் கடை, பால் பூத், பஸ் ஸ்டாப் எங்கும் அவர் நேயர்தான். அவருடைய மனைவியே “நேயர் குளிக்கிறார், அப்புறம் வாங்க” என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

புதன்கிழமை மாலையானால் வானொலியில் அரைமணி நேரம் இசைக் கலைஞர் ஒருவருடன் உரையாடல் வரும். நேயர் முண்டா பனியனும் காதில் பென்சிலுமாக ரேடியோ முன்னால் மணைபோட்டு உட்கார்ந்துவிடுவார். வித்வான் பேசினால் ஒரு சொல் விடாமல் குறித்துக்கொள்வார். இருமினால் ‘இருமல்’ என்று அதையும் எழுதுவார். நடுவில் “இப்போது ஒரு கீர்த்தனை” என்றதும் எழுந்து அடுக்களைக்குப் போய்ச் சொம்பை எடுப்பார்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன்.

“பாட்டு எங்க போனாலும் கிடைக்கும் சார்” என்றார். “கல்யாணத்துல கிடைக்கும், கோயில்ல கிடைக்கும். ஒரு மனுஷன் தான் எதுக்குப் பாடறேன்னு தன் வாயால சொல்றது இங்க மட்டும்தான் கிடைக்கும்.”

பேச்சைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். அன்றே கார்டு எழுதுவார். ‘நிகழ்ச்சி தேனாக இனித்தது’ என்று எல்லோரும் எழுதுவார்கள் அல்லவா, அந்தப் பேச்சே இவரிடம் கிடையாது. ‘குரு இறந்துபோனதை வித்வான் சொல்லிக்கொண்டிருக்கையில், பேட்டி எடுத்தவர் அவருடைய வெளிநாட்டுப் பயணத்துக்குத் தாவியது சரியல்ல. அவரை முடிக்க விட்டிருக்கலாம்’ என்று எழுதுவார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நேயர் கடிதங்களை வாசிப்பார்கள். எட்டு வருஷமாக இவருடைய கடிதம் ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. வாசிக்கிறவரே பேட்டி எடுக்கிறவராகவும் இருந்தால் எப்படி வாசிப்பார்?

இந்த நிலையில்தான் ஒரு வயலின் வித்வானின் பேட்டி வந்தது. பெரிய பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது வருஷம் வாசித்த பெரியவர். பாடியவர்களின் பெயரைத்தான் ஊர் சொல்லும், இவர் பெயர் யாருக்கும் வாயில் வராது. மறுநாள் காலை அடிபம்பு அருகே நேயர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த மாதிரி பேச்சை நான் கேட்டதில்ல சார். ஆனா இவருக்கு யாரும் லெட்டர் போட மாட்டாங்க. நான் ஒருத்தன் போட்டா குப்பைக்குப் போயிடும். தெருவே போடணும்.”

இங்கே அவர் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். ஸ்பிரிங் செய்கிற கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். அந்த ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு. டிரில் பிட் வேண்டுமா, கையுறை வேண்டுமா, முதலில் கையெழுத்துப் போட வேண்டும், சரக்கு பிறகு வரும். சில சமயம் நாலு நாள் கழித்து வரும். அதனால் கையெழுத்து பொய் என்று ஆகிவிடுமா? ஆகாது. இருபது வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று தோன்றிவிட்டது. பேட்டியைக் கேட்டோம் என்று தெரு இப்போது கையெழுத்துப் போடட்டும், கேட்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

இன்லேண்ட் லெட்டரைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகக் கிளம்பினார். இட்லிக் கடை பாக்கியம்மா தண்ணீர்க் குழாய்க்கான மனு என்று நினைத்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். ஆட்டோ மணி சவாரி அவசரத்தில் என்ன ஏது என்று கேட்காமலே போட்டான். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் ஸ்டெல்லா டீச்சரிடம் “சங்கீதத்துக்காக” என்று மட்டும் சொன்னார், அவரும் போட்டார். நானும் போட்டேன். பத்து மாதக் குழந்தை ரேவதிக்கு அதன் அம்மா போட்டாள். ஆக முப்பத்தாறு பெயர். சரக்கு வாங்குகிறவர்கள் எல்லோரும் போட்ட பிறகுதான் ஸ்டோர் கீப்பர் போடுவார் இல்லையா, அதனால் நேயர் கடைசியில் முப்பத்தேழாவதாகத் தன் கையெழுத்தைப் போட்டார்.

அடுத்த மாதம் வாசித்துவிட்டார்கள். “அம்பத்தூரிலிருந்து பாக்கியம் மற்றும் முப்பத்தாறு நேயர்கள்.”

அன்று இட்லிக் கடையில் கூட்டம் நெரிந்தது. “இன்னாம்மே, ரேடியோல உன் பேரு வந்துச்சாமே” என்று கேட்காத ஆள் இல்லை. “நா இன்னாத்த கண்டேன்? பைப்புக்குன்னு கையெழுத்து போட்டேன், பாட்டுக்காரங்க பேரைப் படிச்சிட்டாங்க” என்று அவள் முழித்தாள். எட்டு வருஷம் காத்திருந்தவருடைய பெயர் அந்த முப்பத்தாறுக்குள் மறைந்துபோனது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, தெரு முனையில் நின்று பஸ்ஸுக்குப் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வினை பத்து நாள் கழித்து வந்தது. வானொலி நிலையத்திலிருந்து கடிதம். ‘மேற்படி பேட்டிக்கு வந்தது தங்கள் கடிதம் ஒன்றே. செய்தியறிந்த வித்வான் மிகவும் நெகிழ்ந்து, தங்கள் தெரு நேயர்கள் முப்பத்தேழு பேரையும் நேரில் காண விரும்புகிறார். அடுத்த வாரம் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒலிப்பதிவுக் கருவியுடன் வருகிறோம்.’

என் வீட்டு முற்றத்தில் அவசரக் கூட்டம் கூடியது.

“நேயரே, நீ மாட்டிகினதும் இல்லாம எங்களையும் மாட்டி உட்டுட்ட” என்றான் மணி. “ரேடியோ ஸ்டேஷன்ல போயி உண்மையைச் சொல்லிட்டு வந்துடு.”

நேயரின் முகம் வெளுத்திருந்தது. “ஸ்டேஷன்ல சொல்ல எனக்கு வெக்கம் இல்ல மணி, நாளைக்கே போய்ச் சொல்றேன். அந்தப் பெரியவர்கிட்ட யார் சொல்றது? நாப்பது வருஷம் கழிச்சு அவர் வாயைத் திறந்து பேசியிருக்கார். அதை ஒரே ஒரு ஆள்தான் கேட்டான்னு எப்படிச் சொல்றது?”

பாக்கியம்மாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். “அப்போ இப்ப சொல்லு. அந்தாளு இன்னாதான் பேசினாரு?”

நேயர் நோட்டை எடுத்தார். பேட்டி எடுத்தவரின் குழைந்த குரல் ஒன்று, வித்வானின் கரகரத்த குரல் ஒன்று, இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசினார். ‘இருமல்’ என்று எழுதியிருந்த இடத்தில் இருமினார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். பாட்டு வந்த இடத்தில் “இங்க அஞ்சு நிமிஷம் வாசிப்பு” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அன்று ஆரம்பித்ததுதான். ஏ ஷிப்ட்டுக்காரர்களுக்கு மாலையில், பி ஷிப்ட்டுக்காரர்களுக்குக் காலையில் என்று தெரு முழுவதற்கும் சரக்கு சப்ளை ஆனது. நாலாம் நாள் மணி தன் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் பக்கவாத்தியக்காரர்களின் கஷ்டத்தை விளக்க ஆரம்பித்தான். பாடிக்குப் போகிறவர்கள் முகப்பேரையும் சுற்றிக்கொண்டு கேட்க வேண்டியதாயிற்று. ஸ்டெல்லா டீச்சர் மூன்று தடவை வந்து கேட்டார். ஆனால் மூன்றாம் தடவை எழுந்து போகும்போது ஒன்று சொன்னார்.

“நேயர் சார், எல்லாம் சரி. அன்னைக்கு ரேடியோவில கேட்டீங்களான்னு யாராவது கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“நீங்க கடைசி வரிசையில உக்காருங்க டீச்சர்” என்றார் நேயர்.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் ஜமக்காளம் விரித்தோம். வித்வான் குடையைப் பிடித்துக்கொண்டு, ஒல்லியாக, வெள்ளை வேஷ்டியில் வந்து இறங்கினார். வயலின் கொண்டுவரவில்லை. “வாசிக்க வரலை, பேசத்தான் வந்தேன்” என்றார். நேயர் பூரித்துப்போனார்.

நிலையத்து அதிகாரி எங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார். “குமாரி ரேவதி?” அம்மா குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “இவங்களும் பேட்டியைக் கேட்டாங்களா?”

“தூங்கிக்கினே கேட்டுச்சு சார்” என்றாள் அவள்.

ஒலிப்பதிவுக் கருவி சுற்ற ஆரம்பித்தது. வித்வான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி அவ்வளவு சந்தோஷம். “அன்னிக்கு எல்லாரும் சேர்ந்து உக்காந்து கேட்டேளா, இல்லை அவாவா ஆத்துலயா?” என்றார்.

மணி வேப்பமரத்தை ஆராய்ந்தான். நான் ஜமக்காளத்தின் கோடுகளை எண்ணினேன். கடைசி வரிசையில் ஸ்டெல்லா டீச்சர் எழுந்து நின்றார். நேயர் கண்ணை மூடிக்கொண்டார்.

“மன்னிக்கணும் ஐயா. அன்னைக்குக் கேட்டவர் இவர் ஒருத்தர்தான். நாங்க கேட்காமலே கையெழுத்துப் போட்டுட்டோம்.”

அதிகாரியின் கை கருவியை நிறுத்தப் போனது. வித்வான் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்தது. “ஒருத்தர்தானா” என்றார், யாரையும் பார்க்காமல். என் வாழ்நாளில் நான் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது.

“அப்பால கேட்டோம் சாமி” என்றாள் பாக்கியம்மா. “ஒரு வாரமா கேட்டுகினுதான் கீறோம். பாடறவரு மேடையில தப்பு பண்ணிட்டா இன்னா செய்வீங்கன்னு கேட்டாங்க இல்ல? ‘நானும் அதே தப்பை வாசிச்சுடுவேன், ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணா தப்பு மாதிரி தெரியாது’ன்னு சொன்னீங்களாம். முந்தாநாளு எம் மருமவ சாம்பார்ல உப்பை ரெண்டு தபா போட்டுட்டா. எம் மவன் கத்தினான். நாந்தான்டா போட்டேன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு அழுதுடுச்சு சாமி.”

வித்வான் திரும்பி அவளைப் பார்த்தார்.

மணிக்கும் தைரியம் வந்துவிட்டது. “எனக்கு ஒரு சந்தேகம் சார். நோட்டீஸ்ல உங்க பேரைச் சின்ன எழுத்துல போடறாங்களேன்னு கேட்டதுக்கு சிரிச்சீங்களாம். நேயர் சிரிச்சுக் காட்டினாரு. நா நம்பல. அது நெசமாவே சிரிப்பா?”

“இல்லைப்பா” என்றார் வித்வான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நேயர் அந்த நிசப்தத்தை அனுபவித்ததை நான் பார்த்தேன், பென்சில் இருந்தால் குறித்திருப்பார். பிறகு வித்வான் அதிகாரியிடம் கையை நீட்டி எங்கள் கடிதத்தை வாங்கினார்.

“இதுல என் பேரையும் சேர்த்துக்கோங்கோ. நானும் அன்னிக்குக் கேக்கலை. நான் பேசறதை யார் கேக்கப்போறான்னு தோணித்து. ரேடியோவைப் போடாம கோயிலுக்குப் போயிட்டேன்.”

சொல்லிவிட்டு, முப்பத்தேழாவது பெயருக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அது உண்மைதானா, அல்லது எங்கள் தப்பை அவரும் சேர்ந்து வாசித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“நீங்க பேசிக் காட்டுங்கோ, நான் கேக்கறேன்” என்று நேயருக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார்.

நேயர் பேசினார். முதல் இருமல் வந்ததும் வித்வான் நிறுத்தினார். “நான் இப்படியா இருமறேன்?”

“இதைவிட ஜாஸ்தி சார். தெருவுக்காகக் குறைச்சிருக்கேன்.”

வழக்கமான இடம் வந்தது. வழக்கம்போல நேயர் சொம்பை எடுத்துக் குடித்தார்.

“இங்க என்ன?” என்றார் வித்வான்.

“இங்க நீங்க அஞ்சு நிமிஷம் வாசிச்சீங்க சார்.”

“எப்படி இருந்தது?”

தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஸ்டெல்லா டீச்சர்கூட, ஒரு தடவை பொய் சொன்னால்தான் என்ன என்கிற மாதிரி அவரைப் பார்த்தார்.

“தெரியாது சார். நான் தண்ணி குடிக்கப் போயிட்டேன்” என்றார் நேயர்.

வித்வான் சிரித்தார். தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தார். “இது சிரிப்பு” என்று மணியைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் இரண்டு மணி நேரம் நேயரும் அவரும் பேசினார்கள். பாக்கியம்மா இட்லி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போனது.

அந்த உரையாடலை அடுத்த மாதம் ஒலிபரப்பினார்கள். வித்வானைவிட நேயர்தான் அதிகம் பேசியிருந்தார். எங்கள் தெருவில் அன்று ரேடியோ போடாத வீடு இல்லை. ரேடியோ இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். நேயர் மட்டும் தன் குரல் வந்ததும் கூச்சப்பட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் யாரும் யாரையும் கையெழுத்துக் கேட்கவில்லை. ஆனால் தபால் ஆபீஸில் கார்டு தீர்ந்துபோனது. முப்பத்தாறு பேரும் தனித்தனியாக எழுதினோம். ரேவதியின் கட்டை விரலை மையில் தோய்த்து அவள் அம்மா ஒரு கார்டில் அழுத்தினாள். பாக்கியம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ‘எங்க நேயரைப் பேச உடாம நடுவுல நடுவுல கேள்வி கேட்டது சரியில்லை.’ ஸ்டெல்லா டீச்சர் முத்து முத்தாக இரண்டு பக்கமும் எழுதினார்.

எனக்கு அவ்வளவெல்லாம் எழுத வரவில்லை. அன்றைக்கு என் கார்டில் எழுதியது இரண்டே வரி. நிகழ்ச்சியை முழுவதும் கேட்டேன். அதில் பேசியவர் எங்கள் தெருக்காரர்.